கவுட் உள்ளவர்கள் எதையெல்லாம் பயமில்லாமல் சாப்பிடலாம்?

கவுட் நோய்க்கு ஏற்ற, பியூரின் குறைந்த உணவுகள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி, மூட்டுகளில் படிகமாகப் படிந்து வீங்கி வலிப்பதுதான் கவுட். உணவிலுள்ள பியூரின் என்ற பொருள்தான் உடலில் யூரிக் அமிலமாக மாறுகிறது. ஆறு வருடங்களாக இந்த நோயோடு குடும்பம் நடத்துகிறவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். கால் கட்டைவிரலில் போர்வை உரசினாலே உயிர் போகும் இரவுகளை நானும் பார்த்தாகிவிட்டது.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல்முறை வலி வந்ததும் இறைச்சியை நிறுத்தினேன். ஆனால், 'துண்டுதான் இல்லையே' என்று அதை வேகவைத்த சூப்பை மட்டும் தினமும் ஒரு கிண்ணம் குடித்தேன். பியூரின் நீரில் கரையும். வேகும்போது கறியிலிருந்து இறங்கி அந்தச் சாற்றில்தான் சேரும். அடுத்த மாதமே விரல் மறுபடி வீங்கியது. இப்போது எப்போதாவது கோழி சமைத்தால் வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் மற்ற வேலை. ஈரல், சிறுநீரகம், மத்தி, நெத்திலி பக்கம் போவதே இல்லை.

தைரியமாகச் சாப்பிடக்கூடியவை நிறையவே இருக்கின்றன. முட்டையிலும் பாலிலும் பியூரின் இல்லையென்றே சொல்லலாம். அரிசி, உருளைக்கிழங்கு, கேரட், வெள்ளரி, பெரும்பாலான பழங்கள் எல்லாம் குறைந்த வகைதான். காலையில் வெங்காயமும் குடைமிளகாயும் போட்ட ஆம்லெட், கூடவே சர்க்கரை இல்லாத காபி. மதியம் சோறும் இரண்டு காய்களும். இரவில் கொழுப்பு நீக்கிய தயிரில் ஆப்பிளை நறுக்கிப் போட்டு ஒரு கிண்ணம். கொழுப்பு குறைந்த பால், தயிர் சாப்பிடுகிறவர்களுக்குக் கவுட் வரும் வாய்ப்பு குறைவு என்று ஆய்வுகள் சொல்வதால், அந்தக் கிண்ணத்தை நான் தவறவிடுவதில்லை.

கீரை, காளான், காலிஃபிளவர், பருப்பு எல்லாவற்றையும் விலக்கச் சொல்லும் பட்டியல்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சுமார் 47,000 ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான ஆய்வில், பியூரின் அதிகமுள்ள காய்கறிகளால் கவுட் அபாயம் கூடவில்லை; இறைச்சியாலும் கடல் உணவாலும்தான் கூடியது. அந்தப் பட்டியலை நம்பி ஒரு வருடம் பருப்பில்லாமல் கிடந்தது இன்றும் எனக்கு எரிச்சல்.

பியூரினை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவோம். இனிப்பூட்டிய குளிர்பானத்தில் பியூரின் கிடையாது, ஆனால் அதிலுள்ள ஃபிரக்டோஸ் உடலுக்குள் யூரிக் அமிலத்தை ஏற்றிவிடும். பீர் பற்றிச் சொல்லவே வேண்டாம். எடை குறைக்கிறேன் என்று பட்டினி கிடப்பதும் ஆபத்து. அப்போது உடல் கொழுப்பை எரிப்பதால் உண்டாகும் கீட்டோன்கள் என்ற பொருள்கள் யூரிக் அமிலம் சிறுநீரில் வெளியேறுவதைத் தடுக்கின்றன.

உடலிலுள்ள யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உணவிலிருந்து வருவதில்லை, உடலே உண்டாக்குவது. இவ்வளவு கட்டுப்பாட்டுக்குப் பிறகும் எனக்கு ரத்தத்தில் யூரிக் அமில அளவு டெசிலிட்டருக்கு 8.4 மில்லிகிராமிலிருந்து 7.5க்குத்தான் இறங்கியது. மருத்துவர் தந்த அல்லோபியூரினால் மாத்திரைதான் அதை 6க்குக் கீழே கொண்டுவந்தது. அதனால் உணவை மாற்றும்போதே ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டு, மாத்திரை வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.