சுபேதார் பதில்கள்: பனியில் தங்கிவிட்டவர்கள்

கேள்வி: என் மகன் பெங்களூருவில் வேலை பார்க்கிறான். இரண்டு வருடமாக மலையேற்றப் பயிற்சி எடுத்து, இப்போது எவரெஸ்ட் போகப் பணம் சேர்க்கிறான். மேலே இறந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு, அவர்களைத் தாண்டித்தான் மற்றவர்கள் ஏறுகிறார்களாம். பெற்ற வயிறு எரிகிறது. செத்த உடம்பைக் கீழே கொண்டுவரக்கூட மனசில்லாதவர்களோடு என் பிள்ளையை எப்படி அனுப்புவேன்?
— ஒரு தாய், குத்தாலம்

பதில்: தங்கச்சி, நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். எவரெஸ்டில் இதுவரை 300 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்கள். ஆனால் ‘மனசில்லாதவர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்லைத் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி அடைமழையில் நம் பக்கத்து ஊர்களில் சாவு விழுந்தால் என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும். சுடுகாட்டுக்குப் பாதை இருக்காது. நட்ட வயலுக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் பாடையைத் தலைக்கு மேலே பிடித்துப் போவோம். தோள் மாற்ற ஆள் பின்னாலேயே வரும். அந்தச் சேற்றிலும் நமக்கு மூச்சு முழுசாகக் கிடைத்தது.

26,000 அடிக்கு மேலே கிடைக்கும் பிராணவாயு இங்கே இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அங்கே உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதே பெரிய வேலை. சிலிண்டர் தீர்வதற்குள் இறங்கியாக வேண்டும். இறந்தவர் உடல் உறைந்து, தரையோடு ஐஸ் பிடித்துப் போயிருக்கும். கோடாரியால் சுற்றிலும் கொத்தித்தான் பெயர்க்க முடியும். உடுப்பு, பூட்ஸ், ஒட்டியிருக்கும் ஐஸ் எல்லாம் சேர்ந்தால் 150 கிலோ வரைக்கும் போகும். நம் கொள்முதல் நிலையத்து நெல் சிப்பம் 40 கிலோ. கிட்டத்தட்ட நாலு சிப்பம், அதுவும் வளையாத ஒரே சுமையாக. கை வைத்துத் தூக்க வழியில்லை. கயிறு கட்டி அங்குலம் அங்குலமாகச் சரிவில் இறக்க வேண்டும். ஆறு பேராவது வேண்டும், பத்துப் பேர் கூடத் தேவைப்படலாம். ஒருவர் கால் வழுக்கினால் கயிற்றில் இருக்கும் எல்லோரும் போவார்கள். காற்று அடங்கும் நாட்களோ மே மாதத்தில் ஒரு சிலதான்.

1979-ல் ஒரு ஜெர்மானியப் பெண்மணி உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும்போது இறந்தார். 1984-ல் அவர் உடலை எடுக்கப் போன நேபாளக் காவல் ஆய்வாளர் ஒருவரும், மலையில் வழிகாட்டிச் சுமை தூக்கும் ஒரு ஷெர்ப்பாவும் விழுந்து இறந்தார்கள். ஒரு உடலுக்காக இரண்டு உயிர். அந்தப் பெண்மணியையும் கொண்டுவர முடியவில்லை.

கொண்டுவந்த கதையும் உண்டு. 2016 மே மாதம் மேற்கு வங்கத்திலிருந்து போன குழுவில் மூன்று பேர் இறந்தார்கள். ஒருவர் உடல் அந்த ஆண்டே வந்தது. மற்ற இருவர் ஒரு வருடம் பனியிலேயே கிடந்தார்கள். ஒருவர் கொல்கத்தா காவல்துறைக்காரர், இன்னொருவர் துர்காப்பூரில் தையல் வேலை செய்தவர். 2017-ல் மாநில அரசு பணம் கொடுக்க, ஷெர்ப்பாக்கள் போய் இருவரையும் இறக்கினார்கள். இப்படி ஒரு உடலை எடுக்க 30,000 டாலரிலிருந்து 70,000 டாலருக்கு மேலும் ஆகும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கு.

அந்தப் பணத்துக்காகக் கயிற்றைப் பிடிக்கும் ஷெர்ப்பாவுக்கும் குத்தாலத்தைப் போல ஒரு ஊர் இருக்கிறது. அங்கேயும் ஒரு தாய் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். 2014 ஏப்ரல் 18 அன்று பனிப்பாளம் சரிந்து, ஏணியும் கயிறும் சாமானும் சுமந்து போன 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களிலேயே மூன்று பேர் உடல் கிடைக்கவில்லை. என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். இறந்தது என் பிள்ளையாக இருந்தாலும், அந்த உயரத்துக்கு இன்னொருத்தி பிள்ளையை அனுப்பச் சொல்லி நான் கேட்கமாட்டேன்.

இதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். 1997 குளிர்காலத்தில் சியாச்சின் பனிமலையில், 19,000 அடியை ஒட்டிய ஒரு ராணுவக் காவல் நிலையில் நான் இருந்தேன். கூட இருந்தவன் வெண்ணாற்றங்கரை ஊர்க்காரன். அவன் அக்கா இந்தப் பத்திரிகை படிப்பவர் என்பதால் பெயர் வேண்டாம். ராத்திரி இருமலில் ஆரம்பித்தது. நுரையீரலில் நீர் கோத்து, விடிவதற்குள் போய்விட்டான். உடம்பு விறைப்பதற்கு முன்பே கைகால்களைச் சேர்த்துக் கட்டி ஸ்லீப்பிங் பேகுக்குள் வைத்தோம். வரப்போகும் சின்ன ஹெலிகாப்டரில் நீட்டிப் படுக்கவைக்க இடம் இருக்காது. அதை என் கையால்தான் செய்தேன்.

ஒன்பது நாள் வானம் திறக்கவில்லை. கூடாரத்துக்குப் பக்கத்திலேயே பனியில் வைத்திருந்தோம். காலையில் டீ போட்டதும் அவன் பங்கு ஒரு மக் வெளியே வைப்போம். யாரும் உத்தரவு போடவில்லை, முதல் நாள் ஒருவன் வைத்தான், பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

விடுப்பில் வந்தபோது அவன் வீட்டுக்குப் போனேன். எப்படி இறந்தான், எவ்வளவு பணம் வரும் என்றெல்லாம் அந்த அம்மா கேட்கவில்லை. “அந்த ஒம்போது நாளும் எம்புள்ள தனியாவாய்யா கெடந்தான்?” என்று மட்டும் கேட்டார். டீ வைத்ததைச் சொன்னேன். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு என்னைச் சாப்பிடச் சொன்னார்.

எவரெஸ்டிலும் அப்படி நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எவரெஸ்ட் ஏறப்போய் 1924-ல் காணாமல் போன மல்லோரி என்ற ஆங்கிலேயரின் உடலை 1999-ல் கண்டவர்கள் பிரார்த்தனை வாசித்து, கல்லடுக்கி மூடிவிட்டுத்தான் இறங்கினார்கள். 1998-ல் சாகக் கிடந்த ஒரு அமெரிக்கப் பெண்ணைக் காப்பாற்ற முடியாமல் விட்டு இறங்கிய ஒருவர், ஒன்பது வருடம் கழித்து 2007-ல் திரும்பப் போய், அவரைக் கொடியில் போர்த்தி, போகிறவர் வருகிறவர் கண்ணில் படாத இடத்துக்கு நகர்த்தினார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அதற்காகவே மறுபடியும் அந்த மலையேறினார்.

இப்போது உங்கள் மகன் விஷயம். தடுக்காதீர்கள். தடுத்தால் சொல்லாமல் போவான். போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எனக்கு ஏதாவது ஆனால் உடலை எடுக்க முயல வேண்டுமா, வேண்டாமா? எந்த முகாம் வரைக்கும்? முடிவெடுப்பது அம்மாவா, அண்ணனா? காப்பீட்டில் உடல் மீட்புக்குப் பணம் உண்டா, எத்தனை அடிக்கு மேல் அந்தக் காப்பீடு செல்லாது? அழைத்துப் போகும் நிறுவனத்திடமும் ஒரு பிரதி இருக்கட்டும். இதைப் பேசினால் அபசகுனம் என்று பயப்படாதீர்கள். நாங்கள் ஒவ்வொருவரும் மேலே போகுமுன் வாரிசுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனோம். பேசாமல் விட்டால், அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் அந்த முடிவு உங்கள் தலையில் வந்து விழும்.

கேள்வி: சியாச்சினிலிருந்து ராணுவம் உடல்களைக் கொண்டுவருகிறது. எவரெஸ்டில் மட்டும் ஹெலிகாப்டர் ஏன் போகக்கூடாது?
— கல்லூரி மாணவர், மன்னார்குடி

பதில்: தம்பி, இறக்கை தள்ளுவதற்குக் காற்று வேண்டும். காற்று மெலிந்தால் தூக்கும் பலம் குறையும். 2005-ல் ஒரு பிரெஞ்சு விமானி எவரெஸ்ட் உச்சியிலேயே இறக்கிக் காட்டினார் என்பது உண்மை. ஆனால் அது எடை குறைத்த இயந்திரத்தில் செய்த சாதனை. வழக்கமாக ஹெலிகாப்டர் வருவது 21,000 அடியில் இருக்கும் இரண்டாம் முகாம் வரைக்கும்தான். அதற்கு மேலே நீளக் கயிறு தொங்கவிட்டு ஆளை எடுத்ததுண்டு, ஆனால் அபூர்வம்.

சியாச்சினில் எங்களுக்குப் பின்னால் ஒரு படையே இருந்தது. 2016 பிப்ரவரி 3 அன்று சோனம் நிலையில் பனிச்சுவர் சரிந்து மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த 10 பேர் புதைந்தார்கள். அவர்களில் நாலு பேர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். 19,600 அடியில், கான்கிரீட் மாதிரி இறுகிய பனியை நாள்கணக்கில் வெட்டி எல்லோரையும் எடுத்தார்கள். ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் டெல்லி மருத்துவமனையில் இறந்தார். அன்று நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அத்தனை பலம் இருந்தும், உடல்கள் ஊர் வந்து சேர வானிலைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. எவரெஸ்ட் உச்சி அந்த இடத்தைவிட 9,000 அடிக்கு மேல் உயரம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய் ஐந்து வருடம் ஆகிறது. படகு உடைந்து கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. உடம்பைப் பார்க்காமல் காரியம் செய்யக்கூடாது என்கிறார் மாமியார். மலையைப் பற்றி எழுதுகிற நீங்கள் இதற்கும் சொல்லுங்கள்.
— மீனவர் குடும்பம், பூம்புகார் பக்கம்

பதில்: அம்மா, உங்கள் கேள்வியும் அதே கேள்விதான்.

1968 பிப்ரவரி 7 அன்று 102 பேரோடு போன விமானப்படை விமானம் ரோதங் கணவாய்ப் பக்கம் விழுந்தது. பனி தேடவிடவில்லை. 2003-ல்தான் முதல் தடயம் கிடைத்தது. 2024 செப்டம்பரில் மேலும் நாலு உடல்கள் கிடைத்தன. ஒருவர் கேரளத்துக்காரர். போகும்போது இளைஞர். 56 வருடம் கழித்து ஊர் வந்தார். அதுவரைக்கும் காரியம் செய்யக்கூடாது என்று ஒரு வீட்டைக் கட்டிப்போட முடியுமா? பனியாவது ஒருநாள் திருப்பித் தருகிறது. கடல் தருவதில்லை.

நம் பெரியவர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் காரியம் செய்வது பழைய முறைதான், யாரும் புதிதாகச் சொன்னதில்லை. மாமியாரிடம் சண்டை போடாதீர்கள். மகன் வருவான் என்று அவர் நினைக்கிறார். ஊர்ப் பெரியவர் ஒருவரை விட்டுப் பேசச் சொல்லுங்கள். அந்த அம்மா கையாலேயே உருவத்துக்கு வேட்டி சாத்தட்டும். சாம்பலைக் காவிரி கடலில் கலக்கும் இடத்தில் கரையுங்கள்.

சட்டப்படி, ஒருவரைப் பற்றி ஏழு வருடம் எந்தத் தகவலும் இல்லையென்றால் இறந்தவராகக் கொள்ளச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்கலாம். காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் ரசீது, படகு கிடைத்த விவரம், கூடப் போனவர்கள் வாக்குமூலம் இவற்றை இப்போதே ஒரு பையில் போட்டு வையுங்கள். வட்ட சட்டப் பணிகள் குழுவில் இலவசமாக வக்கீல் தருவார்கள். மனு எழுத ஆள் கிடைக்காவிட்டால் இந்தப் பத்திரிகை முகவரிக்கு எனக்கு ஒரு கார்டு போடுங்கள், நானே வந்து எழுதித் தருகிறேன்.