பார்லர்ல உதட்டுக்கு ஃபில்லர் போட்டு புண்ணாகிட்டு, சைன் வெச்ச பேப்பர காட்டி வெருட்டுறாங்க, என்ன செய்யலாம்?

மட்டக்களப்பு பக்கமிருந்து 23 வயசு தங்கச்சி ஒருத்தி எழுதியிருக்கா. அக்காட கல்யாணத்துக்கு முதல் டவுன்ல ஒரு பார்லர்ல 35,000 ரூபா குடுத்து உதட்டுக்கு ஃபில்லர், அதாவது உதடு பெருசா தெரிய ஊசியால உள்ளுக்கு ஏத்துற சாமான், போட்டிருக்கா. கொரியா சாமான், டொக்டரிட்ட பழகின ஆள்தான் ஊசி போடுறது எண்டு சொல்லியிருக்காங்க. போட்டு கொஞ்ச நேரத்துலயே மேலுதட்டுல ஒரு பக்கம் வெளிறிப்போய் தாங்க ஏலாத நோவு, கோல் எடுத்து கேட்டா ஐஸ் வைங்க ரெண்டு நாள்ல சரியாகும் எண்டிருக்காங்க, மூணாம் நாள் தோல் கறுத்து புண்ணாகி ஹொஸ்பிட்டல் வாட்டுல நிண்டிருக்கா. இப்ப ரெண்டு மாசமாகுது, அந்தப் பக்கம் தழும்பு, மற்றப் பக்கம் கட்டி கட்டியா இருக்காம். காச கேட்டதுக்கு "எங்களுக்கு பொறுப்பில்ல எண்டு நீங்கதான் சைன் வெச்சீங்க, பேஸ்புக்ல போட்டா மானநஷ்ட வழக்கு போடுவம்" எண்டு சொல்லி நம்பர பிளொக் பண்ணிட்டாங்க. வீட்டுக்குத் தெரியாம ஏதும் செய்ய ஏலுமா எண்டு கேக்குறா.

தங்கச்சி, ஒரு லோயரா முதல்ல அந்தப் பேப்பர பத்தி சொல்றன், ஏனெண்டா அதாலதான் நீங்க ரெண்டு மாசம் சும்மா இருந்திருக்கீங்க. எங்கட நாட்டுல 1997ம் ஆண்டு 26ம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. வியாபாரம் செய்ற ஆள் தன்ட கவனயீனத்தால ஒருத்தருக்கு உடம்புல காயமோ மரணமோ வந்தா அதுக்குரிய பொறுப்ப ஒரு பேப்பர்ல எழுதி வாங்கியோ சுவர்ல நோட்டீஸ் ஒட்டியோ தட்டிக்கழிக்க ஏலாது. அவ்வளவுதான். நீங்க சைன் வெச்சது ஊசி போட சம்மதம் எண்டதுக்குத்தான், பிழையா போட்டு என்ட உதட்டக் கெடுங்க எண்டதுக்கில்ல. அந்தச் சம்மதமும் முழுசா செல்லுமா எண்டதே கேள்விதான், ரத்தக்குழாய் அடைபடலாம், தோல் செத்துப்போகலாம் எண்டு யாராவது உங்களுக்கு வாயால சொன்னாங்களா, பேப்பர் உங்களுக்கு விளங்குற பாஷையில இருந்ததா, வாசிக்க நேரம் தந்தாங்களா, இதெல்லாத்தையும் மறக்க முதல் ஒரு கொப்பியில எழுதி வைங்க.

அடுத்தது, ஊசி போட்டது ஆரு? இதுதான் உங்கட கேஸ்ட முதுகெலும்பு. தோலுக்குள்ள ஊசி ஏத்தி ஒரு சாமான வைக்கிறது புருவம் திரெட் பண்ற மாதிரி வேலையில்ல, என்ட பார்வையில அது மருத்துவம். 1927ம் ஆண்டு மருத்துவக் கட்டளைச் சட்டப்படி இலங்கை மருத்துவ சபையில பதியாத ஆள் காசு வாங்கி வைத்தியம் செய்றது குற்றம். "டொக்டரிட்ட பழகினன்" எண்டது பதிவில்ல. சபைட வெப்சைட்ல பேரப் போட்டுத் தேடலாம், அதுல அந்த ஆள்ட பேர் இல்லாட்டி அந்தப் பக்கத்த அப்படியே ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைங்க. சாமானும் அப்படித்தான், 2015ம் ஆண்டு 5ம் இலக்க சட்டத்துக்குக் கீழ வாற தேசிய ஔஷத ஒழுங்குபடுத்தல் அதிகார சபையில பதியாம மருந்தோ மருத்துவ சாதனமோ இங்க கொண்டு வந்து விக்க ஏலாது. பெட்டிட போட்டோ, சிரின்ஜ் ஸ்டிக்கர், லொட் நம்பர் (எந்தத் தொகுதியில செஞ்ச சாமான் எண்டு காட்டுற நம்பர்) ஏதாவது உங்கட போன்ல இருக்கா எண்டு பாருங்க, போடுறத்துக்கு முதல் அவங்க அனுப்பின வட்ஸ்அப் படத்துலயும் இருக்கலாம். ஒண்டும் இல்லாட்டி சாமான்ட பேரும் லொட் நம்பரும் தாங்க எண்டு எழுத்துல கேப்பம், தராம விட்டா அதையும் அவங்களுக்கு எதிரா காட்டலாம்.

நான் டொக்டர் இல்ல, ஆனா கேஸுக்கு இது விளங்கத்தான் வேணும். உதட்டு ஃபில்லர் பெரும்பாலும் ஹையலுரோனிக் அசிட் ஜெல். அது ரத்தக்குழாய்க்குள்ள போனா, இல்லாட்டி வெளியால நிண்டு நெருக்கினா, அந்த இடத்து தோலுக்கு ரத்தம் போகாது, உடன வெளிறும், கடுமையா நோகும், பிறகு கறுத்து செத்துப்போகும். இத கரைக்கிறத்துக்கு ஹையலுரோனிடேஸ் எண்டு ஒரு ஊசிமருந்து இருக்கு, எவ்வளவு வெள்ளன போடுறாங்களோ அவ்வளவு நல்லம், அதாலதான் ஃபில்லர் போடுற டொக்டர்மார் அத கையோட வெச்சிருக்கணும். உங்களுக்கு வெளிறினது அண்டைக்கே அவங்களுக்குத் தெரியும், நீங்க கோலும் எடுத்திருக்கீங்க, அவங்க சொன்னது ஐஸ்! ஐஸ் ரத்தக்குழாய இன்னும் சுருக்கும். ஊசி பிழைச்சது ஒரு பிழை, ஓடிப்போங்க ஹொஸ்பிட்டலுக்கு எண்டு சொல்லாம மூணு நாள் வீட்டுல இருக்க வெச்சது அதவிட பெரிய பிழை. இத வாசிக்கையே எனக்கு கொதிக்குது.

ஆனா கோர்ட்டுல கோபம் எடுபடாது, ரிப்போர்ட்தான் எடுபடும். 2001ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிரியானி சொய்சா எதிர் அர்சகுலரத்ன வழக்குல டொக்டர் கவனயீனம் எண்டு கண்ட பிறகும், அந்தக் கவனயீனத்தாலதான் பிள்ள மோசம் போனது எண்டு நிரூபிக்கப்படயில்ல எண்டு நட்டஈடு கிடைக்காம போயிட்டு. அதால ஹொஸ்பிட்டல்ல இருந்து வரக்குள்ள தந்த உங்கட டயக்னோசிஸ் கார்ட்டுல என்ன எழுதியிருக்கு எண்டு எனக்கு முதல்ல பார்க்கணும், உதட்டுப் புண் எண்டு மட்டும் இருந்தா போதாது, ஃபில்லர் போட்டதால வந்தது எண்டு உங்களுக்கு வைத்தியம் பார்த்த ஸ்பெஷலிஸ்ட் எழுதித் தரணும்.

கட்டி கட்டியா இருக்கிற மற்றப் பக்கம் வேற கதை. "நான் நெனச்ச வடிவு வரயில்ல" எண்டு மட்டும் கோர்ட்டுக்குப் போனா கஷ்டம், அழகு ஆளுக்கு ஆள் மாறும், போட்டு ரெண்டு கிழமைக்குள்ள வீக்கம் இருக்கிறதும் சாதாரணம். ஆனா ரெண்டு மாசத்துக்குப் பிறகும் கட்டி நிக்கிறது வேலையில வந்த குறையா இருக்கலாம், அதோட "இப்படித்தான் வரும்" எண்டு ஆரிட்டயோ படத்தக் காட்டி, டொக்டர் பயிற்சி எண்டு சொல்லி காசு வாங்கியிருந்தா அது ஏமாத்து. 2003ம் ஆண்டு 9ம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், சேவையொண்டு குடுக்கிற ஆள் தகுந்த கவனத்தோடயும் திறமையோடயும் செய்யணும் எண்டு சொல்லுது, பொய் சொல்லி விக்கிறதையும் தடுக்குது.

இங்கதான் அவசரம். அந்த அதிகார சபைக்கு எழுத்துல முறைப்பாடு குடுக்க சேவை கிடைச்சி மூணு மாசம்தான் டைம், உங்களுக்கு ரெண்டு மாசம் போயிட்டு. இந்தக் கிழமையே அவங்கட 1977 எண்ட நம்பருக்கு கோல் அடிச்சி எங்க குடுக்கிறது எண்டு கேட்டு குடுங்க, ரிசீட் இல்லாட்டியும் காசு போட்ட பேங்க் ஸ்லிப், வட்ஸ்அப் மெசேஜ் போதும். பொலிஸுக்கும் போகணும், அவங்க தாற ஃபோர்மோட சட்ட வைத்திய அதிகாரி உங்களப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார், முகத்துல நிரந்தர விகாரம் எண்டு வந்தா தண்டனைச் சட்டக்கோவையில அது கடுங்காயம். தழும்பு நாளாக நாளாக மங்கும், அதால பிந்தாதீங்க. நட்டஈட்டு வழக்குக்கு ரெண்டு வருஷம் இருக்கு, அதுக்கு முதல் நான் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புவன், கன பேர் அதோடயே இறங்கி வந்திருவாங்க.

இறங்கி வந்து "ஃப்ரீயா கரைச்சி விடுறம்" எண்டு கூப்பிடுவாங்க. போகாதீங்க. கரைக்கிற மருந்துக்கு கடும் அலர்ஜி வரலாம், டொக்டர்தான் போடணும். உள்ளுக்குப் போட்டது சிலிக்கோனா இருந்தா அந்த மருந்துக்கு கரையவும் மாட்டுது.

மானநஷ்டம் எண்டு வெருட்டுறதுக்கு பயப்பட ஒண்டுமில்ல. அதுக்காக ஜெயிலுக்குப் போடுற சட்டத்த 2002லயே எடுத்திட்டாங்க, இப்ப சிவில் வழக்கு மட்டும்தான், உண்மைய பொது நன்மைக்காக சொன்னா அதுக்கும் பதில் இருக்கு. எண்டாலும் முறைப்பாடு குடுக்கிற வரைக்கும் பேஸ்புக்ல போடாதீங்க, இன்டர்நெட்ல பொய்யான விஷயம் போடுறதத் தடுக்க 2024ல வந்த நிகழ்நிலை காப்புச் சட்டமும் இருக்கு, நிரூபிக்க ஏலாத ஒரு வசனத்த எழுதினா அதப் பிடிச்சிக்குவாங்க.

வீட்டு விஷயம். உங்களுக்கு 23 வயசு, முறைப்பாட்டுக்கோ லோயரிட்ட வாறதுக்கோ ஆர்ட கையெழுத்தும் தேவையில்ல, நீங்க என்னிட்ட சொல்றது வெளிய போகாது. பொலிஸ், கோர்ட் எண்டு போனா ஒருத்தருக்கும் தெரியாமயே முடியும் எண்டு நான் வாக்கு தர மாட்டன். அக்காவுக்கு மட்டுமாவது சொல்லுங்க எண்டுதான் கேப்பன், பிழை செஞ்சது நீங்க இல்ல, விசாரணைக்குப் போகக்குள்ள பக்கத்துல ஒரு ஆள் வேணும். காசு இல்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்க, வருமானத்தப் பார்த்து இலவசமா செய்வாங்க. அங்க போனாலும் என்னிட்ட வந்தாலும் அந்தப் பேப்பர்ட கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், முதல் நாள்ல இருந்து எடுத்த போட்டோ எல்லாம் கொண்டாங்க, அவங்க பிளொக் பண்ணின வட்ஸ்அப் மெசேஜ மட்டும் டிலீட் பண்ணிராதீங்க.