எஞ்சினை மாற்றிவிட்டு அப்புறம் கேஸ் போடலாமா?

கேள்வி: காசிமேட்டிலிருந்து மணலி, மாதவரம் பக்கம் மீன் லோடு அடிக்கிறேன். கடனில் வாங்கிய பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) டீசல் பிக்கப். வாரண்டி இன்னும் முடியவில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தே ஓட்டுவதால் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கு அடிக்கடி எரியும். போன மாதம் எஞ்சின் சீஸ் ஆகி, சுற்றாமல் இறுகி நின்றுவிட்டது. ஆயில் சர்வீஸ் தள்ளிப்போனதால் வாரண்டி கிடையாது என்று சர்வீஸ் சென்டரில் வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். புதுப்பேட்டையில் பழைய எஞ்சின் வாங்கி மாட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிட்டு அப்புறம் கேஸ் போடலாமா?
– எர்ணாவூர் வாசகர்

பதில்: போடலாம், ஆனால் எதைக் காட்டி ஜெயிப்பீர்கள்? சீஸ் ஆன எஞ்சின்தான் உங்கள் முதல் சாட்சி. அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வந்தால் எந்த வக்கீலாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நின்று டீசல் வாடை அடித்தால், உடனே போட்டோவும் வீடியோவும் எடுங்கள். டிபிஎஃப் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளக் கூடுதல் டீசல் பீய்ச்சப்படும். நெரிசலில் அந்த வேலை பாதியிலேயே நின்று நின்று போனால், அந்த டீசல் ஆயிலில் இறங்கி அதை நீர்த்துப்போகச் செய்துவிடும்; பேரிங் தேய்ந்து எஞ்சின் சீஸ் ஆகலாம். அப்படியானால் சர்வீஸ் தாமதம்தான் காரணம் என்று அவர்கள் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் விளக்கு எரிந்தபோது மேனுவலில் சொன்னபடி ஓட்டினீர்களா என்று எதிர்த்தரப்பு நிச்சயம் கேட்கும். பதிலோடு இருங்கள்.

வாய் வார்த்தை மறுப்பை அப்படியே விடாதீர்கள். ஜாப் கார்டு (சர்வீஸ் சென்டரின் வேலைச் சீட்டு), ஸ்கேன் ரிப்போர்ட், மறுப்புக்கான காரணம் மூன்றையும் எழுத்தில் கேட்டு, டீலருக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். எஞ்சினைப் பிரிப்பதானால் உங்கள் முன்னால்தான் என்றும் அதில் எழுதுங்கள்.

இனி முக்கியமான கேள்வி: வண்டியை ஓட்டுவது யார்? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல. ஆனால் சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவருக்கு விலக்கு உண்டு. லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியபோது, தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்கியவரை நுகர்வோர் என்றது. முழுக்க இன்னொருவர் ஓட்டுவதற்காக வாங்கியவர் அல்ல என்றது. கூட ஒரு லோடுமேன் இருந்தால் பரவாயில்லை. இரண்டு மூன்று வண்டி வைத்து டிரைவர் போட்டிருந்தால் சிக்கல்தான். புகாரில் இதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்யலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட இந்தச் சட்டம் இடம் தருகிறது. காலக்கெடு 2 ஆண்டு. வண்டி விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 200 ரூபாய். எஞ்சினை ஆய்வுக்கு அனுப்பும்படி 38-வது பிரிவில் கேளுங்கள். புது வண்டியே வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். 2006-ல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றமே பழுதான பாகத்தை மாற்றினால் போதும் என்றது. புது எஞ்சினும், வண்டி நின்ற நாட்களின் வருமான இழப்பும் கேளுங்கள்.

சரி, புதுப்பேட்டை எஞ்சின்? வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவை மனதில் வைத்து ஆர்டிஓ அனுமதி, கடன் இருப்பதால் ஃபைனான்ஸ்காரரின் சம்மதக் கடிதம் இரண்டையும் முதலில் வாங்குங்கள். அனுமதியில்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆர்சியில் இருக்கும் எஞ்சின் நம்பர் ஒத்துப்போகாவிட்டால் எஃப்சியிலும் (தகுதிச் சான்று) இன்சூரன்ஸ் க்ளைமிலும் மாட்டுவீர்கள். பழைய புகை விதிப்படி வந்த பிஎஸ்4 எஞ்சினை இதில் மாட்டும் பேச்சே வேண்டாம். பில்லும் பழைய வண்டியின் ஆர்சி நகலும் தராதவரிடம் வாங்காதீர்கள். திருட்டு எஞ்சின் என்று தெரிந்தே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவு பாயும்.

இதற்கிடையில் இஎம்ஐயை நிறுத்திவிடாதீர்கள். கம்பெனி மேல் உள்ள கோபம் ஃபைனான்ஸ்காரரிடம் செல்லாது. வண்டியைத் தூக்கிப்போனால் எஞ்சினும் அதோடு போய்விடும்.