இஎஸ்ஆர் ஏறினால் மாத்திரையையும் ஏற்றணுமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. ஆறு வருடமாக முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்); அதை அடக்க வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது வலி, வீக்கம் எதுவும் இல்லை. ஆனால் இந்த மாதம் இஎஸ்ஆர் 48, ஆர்ஏ ஃபேக்டர் 110 (போன வருடம் 64), சிஆர்பி 3, ஹீமோகுளோபின் 9.2. ‘நோய் ஏறிடுச்சு’ என்கிறார்கள் லேபில். மருந்தைக் கூட்ட வேண்டுமா?

பதில்: லேபில் சொன்னவர் அம்மாவின் விரல் மூட்டை அழுத்திப் பார்த்தாரா? பார்த்திருக்க மாட்டார். இந்த ரிப்போர்ட்டை வைத்து மட்டும் மருந்தைக் கூட்ட வேண்டாம்.

இஎஸ்ஆர் என்பது பழைய, எளிய சோதனை. ரத்தத்தைக் குழாயில் நிறுத்தி வைத்தால் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்ற கணக்கு. உடம்பில் அழற்சி இருந்தால் வேகமாக இறங்கும். ரத்தசோகை இருந்தாலும் அப்படித்தான், வயதானாலும் அப்படித்தான். பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டிப் பாதியாக்கினால் உத்தேச மேல்வரம்பு கிடைக்கும், அம்மாவுக்கு 34. அதற்கு மேல் உள்ளதற்கு அந்த 9.2 ஹீமோகுளோபினே காரணமாக இருக்கலாம். உண்மையில் நீங்கள் பயப்படாமல் தாண்டிப்போன அந்த எண்தான் எனக்கு உறுத்துகிறது. இரும்புச்சத்துக் குறைவா, வலிமாத்திரையால் வயிற்றில் ரத்தக் கசிவா, மெத்தோட்ரெக்ஸேட்டின் வேலையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சிஆர்பி என்பது உடம்பில் அழற்சி இருந்தால் கல்லீரல் உருவாக்கும் ஒரு புரதம். சில மணி நேரத்தில் ஏறும், சில நாளில் இறங்கும். இஎஸ்ஆர் இறங்கப் பல வாரம் ஆகும். ஆனால் அந்த 3-க்குப் பக்கத்தில் என்ன அளவு போட்டிருக்கிறது? லிட்டருக்கு மில்லிகிராம் என்றால் நிம்மதி. டெசிலிட்டருக்கு என்றால் அது பத்து மடங்கு, அதாவது 30. லேப் மாறினால் அலகும் மாறலாம், யாரும் சொல்வதில்லை.

ஆர்ஏ ஃபேக்டர் நோயைக் கண்டுபிடிக்க உதவும் சோதனை. அது 64-லிருந்து 110 ஆனால் நோய் இரண்டு மடங்கு ஆகிவிடாது. வருடா வருடம் எடுக்கத் தேவையே இல்லை. ஆனால் ‘ஆர்த்ரைட்டிஸ் பேக்கேஜ்’ என்று கட்டி விற்கிறார்களே, அதில் இது இருக்கும், கூடவே ஏஎஸ்ஓ-வும் இருக்கும். ஏஎஸ்ஓ, தொண்டைத் தொற்றுக்குப் பின் பெரும்பாலும் சிறு வயதில் வரும் ருமாட்டிக் காய்ச்சல் சந்தேகத்துக்கு எடுப்பது. 58 வயது முடக்குவாதத்துக்கு அதில் என்ன வேலை? எழுதிக் கொடுத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு கூட்டத்திடமும் ஜாக்கிரதை. பெயர் இல்லாத பொட்டலத்தில் ‘வாதப் பொடி’ கொடுத்து, இரண்டே வாரத்தில் சிஆர்பி இறங்கியதை ரிப்போர்ட்டோடு காட்டுவார்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டு அழற்சியை அடக்கி சிஆர்பி-யை இறக்கிவிடும். பின்னாலேயே முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, அது வேறு ஆபத்து. டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு. முடக்குவாதத்துக்கு டோசிலிசுமாப் என்ற ஊசி போடுபவர்களுக்கு சிஆர்பி-யை நம்பவே கூடாது. கல்லீரலுக்கு ‘சிஆர்பி செய்’ என்று சொல்லும் இன்டர்லூக்கின் 6-ன் வேலையைத்தான் அந்த ஊசி தடுக்கிறது. மூட்டு வீங்கியிருந்தாலும் எண் சரியாக இருக்கும். அதைவிட மோசம், நிமோனியா வந்தாலும் எண் ஏறாமல் போகலாம், காய்ச்சல்கூட அடங்கியே இருக்கலாம். இருமல், மூச்சுத்திணறல் என்று போனால், ‘சிஆர்பி நார்மல், வீட்டுக்குப் போங்க’ என்று அனுப்பிவிடலாம். அம்மாவுக்கு இது பொருந்தாது. பொருந்துபவர்கள் ஊசியின் பெயரை ஒரு சீட்டில் எழுதி பர்ஸில் வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள்.

சரி, நோய் அடங்கியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல்கள், முழங்கால் என்று 28 மூட்டுகளை டாக்டர் தொட்டுப் பார்த்து எண்ண வேண்டும். ஐந்து நிமிட வேலை. நம் ஓபி-யில் அந்த ஐந்து நிமிடம் கிடைக்காததால்தான் ரத்தத்தை உறிஞ்சி எண்ணைப் பார்க்கிறோம். அந்த 28-ல் பாதம் சேர்த்தி இல்லை, அதனால் செருப்பைக் கழற்றி நீங்களே காட்டுங்கள். காலையில் விரல் மடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று அம்மாவை ஒரு வாரம் காலண்டரில் குறிக்கச் சொல்லி, அதையும் ரத்தசோகை விஷயத்தையும் அடுத்த முறை கொண்டுபோங்கள்.