கரையே தெரியாத ஏழெட்டு நாள், கப்பலில் பொழுது எப்படிப் போகும்?

கேள்வி: அட்லாண்டிக்கைக் கடக்கும் சொகுசுக் கப்பலில் ஒரு வாரத்துக்கு மேல் கடலைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாதாமே, சலித்துப் போகாதா?

பயணியாகப் போனவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். நான் அவர்கள் அறையைத் துடைத்தவன். கேபின் ஸ்டூவர்டாக மூன்று காண்ட்ராக்ட் முடித்ததில் நான்கு முறை அட்லாண்டிக்கைக் கடந்திருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

கோடையில் மத்தியதரைக் கடலில் ஓடும் கப்பல்களில் பல, குளிர் தொடங்கியதும் கரீபியன் பக்கம் போய்விடும். அப்படி இடம் மாறும்போது காலியாகப் போவானேன் என்று அந்தப் பயணத்துக்கும் டிக்கெட் விற்கிறார்கள். பார்சிலோனாவில் கிளம்பி, கேனரி தீவுகளில் ஒரு நாள் நின்றால் அப்புறம் ஃபுளோரிடா வரை தண்ணீர்தான். 1492-ல் கொலம்பஸ் அமெரிக்கா போனதும் கேனரியிலிருந்து மேற்கு நோக்கி வீசும் காற்றை நம்பித்தான். அவருக்கு ஐந்து வாரம் ஆனது.

வருகிறவர்களில் பாதிக்கு மேல் பணி ஓய்வு பெற்றவர்கள். முதல் இரண்டு நாள் எல்லா நிகழ்ச்சிக்கும் ஓடுவார்கள், நடன வகுப்பு, வினாடி வினா, ஏலம் என்று. மூன்றாம் நாளிலிருந்து கப்பல் ஒரு தெருவாகிவிடும். இன்னார் காலை ஏழு மணிக்கு டெக்கைச் சுற்றி நடப்பார், இன்னார் நூலகத்து மூலையில் ஆயிரம் துண்டுப் புதிர்ப் படத்தை அடுக்குவார், அந்த நாற்காலி இன்னாருடையது, வேறு யாராவது உட்கார்ந்தால் முறைப்பு. நண்பகலில் கேப்டன் ஒலிபெருக்கியில் பேசுவார்: எங்கே இருக்கிறோம், காற்று எவ்வளவு, கீழே ஆழம் எவ்வளவு. ஐயாயிரம் மீட்டர் என்று ஒருநாள் சொன்னதும் பஃபேயில் எல்லோரும் ஒரு நொடி கரண்டியை நிறுத்தியது இன்னும் நினைவிருக்கிறது.

எங்கள் பாடு வேறு. துறைமுகத்தில் நின்றால் காலை ஒன்பது மணிக்கு அறைகள் காலியாகும், மளமளவென்று முடித்துவிடலாம். நடுக்கடலில் யாரும் வெளியே போக மாட்டார்கள். தொந்தரவு செய்யாதீர்கள் என்ற அட்டை பதினொரு மணி வரை கதவில் தொங்கும், நாங்கள் தள்ளுவண்டியோடு காரிடாரில் நின்றுகொண்டிருப்போம். வாரவிடுமுறை என்று ஒன்று கிடையாது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்று சர்வதேச விதி இருக்கிறது, ஆனால் அதை இரண்டாகப் பிரித்துத் தரலாம், ஒரு துண்டு 6 மணி நேரம் இருந்தால் போதும். அந்த ஆறில்தான் குளியல், துணி துவைப்பு, வீட்டு ஞாபகம் எல்லாம்.

இரவில் துண்டை மடித்து யானை, குரங்கு என்று கட்டிலில் வைக்கும் வழக்கம் உண்டு. ஒரு பாட்டி எதையும் பிரிக்க விடவில்லை. ஐந்தாம் நாள் பார்த்தால் சோபாவில் ஐந்து விலங்குகள் வரிசையாக, யானைக்கு அவருடைய மூக்குக்கண்ணாடி வேறு. எனக்குக் கணக்கில் துண்டு குறைகிறது, சலவைப் பிரிவில் ஏச்சு. கடைசி நாளில் அவரே ஒவ்வொன்றாகப் பிரித்து, இஸ்திரி போட்ட மாதிரி நீவி அடுக்கி வைத்திருந்தார். யானையை மட்டும் பிரிக்க மனம் வரவில்லையாம், நீயே செய்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அலை? பெரிய கப்பலில் பக்கவாட்டில் துடுப்பு மாதிரி நிலைநிறுத்திகள் உண்டு, உருளலைக் குறைக்கும். ஆனாலும் ஒருநாளாவது ஆடும். படிக்கட்டுக் கைப்பிடிகளில் வாந்திப் பைகளைச் செருகி வைத்தாலே எல்லோருக்கும் புரிந்துவிடும். நீச்சல்குளத்தில் வலை கட்டிவிடுவார்கள். எனக்கு வரும் புகார் ஆட்டத்தைப் பற்றியல்ல, அலமாரியில் ஹேங்கர் இடிக்கிறது, சுவர்ப்பலகை கிறீச்சிடுகிறது என்பதுதான். நாலாக மடித்த அட்டைத்துண்டைப் பலகை இடுக்கில் செருகினால் சத்தம் நின்றுவிடும், அதற்காகவே பையில் அட்டை வைத்திருப்பேன். குமட்டலுக்குப் பச்சை ஆப்பிளும் இஞ்சியும் கொடுப்போம்.

க்ரூ, அதாவது கப்பல் ஊழியர்கள், நடமாடும் நீண்ட காரிடாரை ஐ-95 என்போம், அமெரிக்கக் கிழக்குக் கரையோர நெடுஞ்சாலையின் பெயர். எங்கள் மெஸ்ஸில் சோறும் பருப்பும் உண்டு, ரசம்தான் கிடையாது. நான் ஊரிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சல் பாட்டில் கேனரி தாண்டுவதற்குள் காலி, அதில் பாதி கோவா பையன்கள் தின்றது.

நீங்கள் போவதாக இருந்தால் நவம்பரில் மேற்கே போங்கள். ஸ்பெயினுக்கும் ஃபுளோரிடாவுக்கும் ஆறு மணி நேர வித்தியாசம், அதனால் வழியில் ஆறு இரவுகள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். நாளுக்கு 25 மணி நேரம், சும்மா கிடைக்கிற தூக்கம், க்ரூ முகத்திலும் சிரிப்பு இருக்கும். ஏப்ரலில் கிழக்கே திரும்பும்போது அதே ஆறு மணி நேரத்தையும் ஒன்றொன்றாகப் பிடுங்கிக்கொள்வார்கள். அந்த வாரம் உங்கள் காபி ஆறியிருந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், கொண்டுவந்தவன் பாதித் தூக்கத்தில் இருப்பான்.