ஆறு பேருக்கு ஓர் ஆறு

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர், சாலை எட்டாத ஒரு மலையாற்றுக்கு ட்ரவுட் மீன் பிடிக்க ஒரு வாரம் போகிறோம். பொய்ப்பூச்சி கட்டி வீசும் ஃப்ளை ஃபிஷிங் எங்களில் மூவருக்குத்தான் பழக்கம். ஆளுக்கொரு தூண்டில் வாங்கியாயிற்று. வேறு எதை யோசிக்க வேண்டும்?

பதில்: யார் எந்த இடத்தில் இறங்குவது என்பதை யோசியுங்கள். அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் முறை நாங்களும் ஆறு பேர். இரண்டு நாள் நடந்து ஆற்றைக் கண்ட மகிழ்ச்சியில் எல்லோரும் ஒரே மடுவில் இறங்கிவிட்டோம். பொழுது சாயும்வரை ஒரு மீன்கூடச் சிக்கவில்லை.

மறுநாள் கணுக்கால் வலியால் நான் மட்டும் கரைப்பாறையில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் போயிருக்கும். கூழாங்கல் என்று நினைத்திருந்த ஒரு நிழல் வாலை அசைத்தது. பழுப்பு ட்ரவுட்! ஒரு சாண் பக்கவாட்டில் நகரும், வாய் ஒரு கணம் வெள்ளையாகத் திறந்து மூடும், மறுபடி அதே கல்லருகே வந்து நிற்கும். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். அப்போது இருபது அடி தள்ளி நண்பர் ஒருவர் சரளையில் கால் வைத்தார். மீன் போன திசைகூடத் தெரியவில்லை.

ட்ரவுட் நீரோட்டத்துக்கு எதிராக முகம் வைத்து நிற்கும். ஓட்டம் அடித்துக்கொண்டு வரும் பூச்சிகள்தான் அதற்கு இரை. முன்னாலும் பக்கங்களிலும் நன்றாகப் பார்க்கும். நேர் பின்னால் மட்டும் அதற்குத் தெரியாது. அதனால்தான் ஆற்றின் கீழ்ப்பக்கமிருந்து மேல்நோக்கி நடக்கிறோம். ஆனால் கல் உருளும் அதிர்வு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதன் உடலுக்கு எட்டிவிடும்.

ஆகவே பழகியவர் ஒருவர், புதியவர் ஒருவர் என்று மூன்று ஜோடியாகப் பிரியுங்கள். ஜோடிக்கு ஆற்றின் ஒரு பகுதி. ஒருவர் வீசும்போது மற்றவர் கரையில் உயரமான இடத்திலிருந்து மீனைப் பார்த்துச் சொல்லட்டும். ஒரு மீன் கிடைத்ததும் இடம் மாறிக்கொள்ளுங்கள். இன்னொரு ஜோடிக்கு முன்னால் போய்த் தண்ணீரில் இறங்காதீர்கள். நட்பில் கசப்பு வருவது பெரும்பாலும் அங்கேதான். எங்கே திரும்புவது, எத்தனை மணிக்குக் கூடாரத்துக்கு வருவது என்பதைக் காலையிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

புதியவர்கள் புறப்படும் முன்பே புல்வெளியில் பழகட்டும். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை முள்ளை இழுத்துப் போகும். இதிலோ இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சிக்கு எடையே இல்லை. தடித்த கயிற்றின் எடைதான் அதைக் கொண்டுபோகிறது. முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துண்டைக் கட்டி வீசிப் பாருங்கள். பத்து மீட்டர் நேராக வீச வந்தால் போதும்.

கேள்வி: எந்தப் பொய்ப்பூச்சியைக் கட்டுவது?

பதில்: ஆற்றையே கேளுங்கள். முழங்கால் ஆழத்தில் ஒரு கல்லைப் புரட்டினால் அடியில் பூச்சிகளின் இளம்பருவம் ஒட்டிக்கொண்டிருக்கும். மணலையும் பொடிக்கற்களையும் ஒட்டித் தனக்கொரு குழாய்வீடு கட்டிக்கொள்ளும் கேடிஸ் புழுவைப் பார்த்தால் கையிலிருந்து கீழே வைக்க மனம் வராது. ட்ரவுட் பெரும்பாலும் நீருக்கடியில் இவற்றைத்தான் தின்கிறது. அதே நிறம், அதே அளவுள்ளதைக் கட்டுங்கள். மேஃப்ளை என்னும் பூச்சிகள் சிறகு முளைத்து நீரிலிருந்து மேலெழும் மாலைகளில் மட்டும் மிதக்கும் வகைக்கு மாறுங்கள். சிறகு முளைத்த மேஃப்ளைக்கு இரை தின்னும் வாயே கிடையாது. பெரும்பாலும் ஓரிரு நாளில் முட்டையிட்டு மடிந்துவிடும்.

கேள்வி: பிடித்த மீனைத் திரும்ப விட்டால் பிழைக்குமா?

பதில்: பிழைப்பது பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது. முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். கையை நனைக்காமல் தொடாதீர்கள்; மீனின் மேலிருக்கும் வழுவழுப்புத்தான் அதற்குக் கவசம். செவுளில் விரல் படவே கூடாது. வலையை நீரிலேயே வைத்து முள்ளை எடுங்கள். படம் எடுப்பதற்காக ஆறு பேரும் மாற்றி மாற்றித் தூக்கிய ஒரு மீன் பக்கவாட்டில் மிதந்து போனதைக் கண்டிருக்கிறேன். அன்றோடு நான் மீனுடன் படம் எடுத்துக்கொள்வதை விட்டுவிட்டேன். ஒரு வெப்பமானியும் எடுத்துச் செல்லுங்கள். நீர் சூடாக ஆக அதில் பிராணவாயு குறையும். 20 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும்.

கேள்வி: ஆற்றைக் கடக்க ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) அடிப்பாகம் உள்ள காலணி நல்லது என்கிறார்களே?

பதில்: பாசிக்கல்லில் வழுக்காது என்பது உண்மை. ஆனால் அது ஈரத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓர் ஆற்றின் நுண்ணுயிர் அதிலேயே அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். நியூசிலாந்தில் 2004இல் டிடிமோ என்ற பாசி கண்டுபிடிக்கப்பட்டது. ஆற்றுக் கற்களைக் கம்பளம் போல மூடிவிடும். 2008இல் அங்கே மீன்பிடிப்பவர்கள் ஃபெல்ட் காலணி அணியத் தடை வந்தது. ரப்பர் அடிப்பாகமும் ஒரு கைத்தடியும் போதும். முழங்காலுக்கு மேல் ஓட்டம் வேகமாக இருந்தால் கடக்காதீர்கள். வேறு ஆற்றில் இறங்கிய காலணி, வலை இருந்தால் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே மூட்டையில் வையுங்கள்.