புகார் வராத குற்றம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எனக்குக் குமாரபாளையம். அப்பா தறிப்பட்டறை வைத்திருந்தார், இப்போது இல்லை. நான் குரூப் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 111-ஆம் பிரிவு, அதாவது ஆர்கனைஸ்ட் கிரைம் என்கிற கும்பலாகச் சேர்ந்து தொழில்போல் செய்யும் குற்றம், படிக்கும்போது ஒரு சந்தேகம் வந்தது.

பள்ளிபாளையத்தில் கடனில் சிக்கிய தறிக்காரர்களிடம் புரோக்கர்கள் கிட்னியை விலைக்கு வாங்கிய விவகாரம் பேப்பரில் அடிபட்டபோது டீக்கடையில் நண்பர்களிடம், “இதுதான்டா ஆர்கனைஸ்ட் கிரைம்” என்றேன். ஒருத்தன் சிரித்தான். “அது பம்பாய் தாதாக்களுக்குப் போட்ட சட்டம். இங்கே நடப்பது புரோக்கர் வேலை” என்றான். இன்னொருத்தன், “தோட்டத்துச் சாளையில், அதான் தோட்டத்து வீட்டில், பெரியவர்களைக் கொன்று நகையை எடுத்துக்கொண்டு போகிறார்களே, அதுதான். அதுவும் வடக்கே இருந்து வருகிறவர்கள் வேலை” என்றான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். எங்கள் ஊரைப் பற்றி அதிலிருந்து எதுவும் பிடிபடவில்லை.

எதைத்தான் ஆர்கனைஸ்ட் கிரைம் என்பது? யார் அதை எழுதி வைக்கிறார்கள்? என்னைப் போன்ற ஒருத்தன் தன் ஊருக்கு மட்டும் ஒரு பதிவு ஆரம்பிக்க முடியுமா? பெயர் போட வேண்டாம் அண்ணா, வீட்டில் பயப்படுவார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன், குமாரபாளையம்

*

அன்புள்ள தம்பி,

பெயரை எடுத்துவிட்டேன், ஊரை விட்டுவைத்திருக்கிறேன். குமாரபாளையத்தில் குரூப் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

சட்டத்திலிருந்தே தொடங்குவோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் அந்த 111-ஆம் பிரிவில் ஆள் கடத்தல், கொள்ளை, வண்டித் திருட்டு, மிரட்டிப் பணம் பறிப்பது, நில அபகரிப்பு, கூலிக்குக் கொலை, பொருளாதாரக் குற்றம், சைபர் குற்றம், போதைப்பொருள் என்று பட்டியல் நீளம். நீங்கள் பார்க்க வேண்டியது பட்டியலை அல்ல, அதன் கீழே இருக்கும் விளக்கத்தை. கும்பல் என்றால் இரண்டு பேர் இருந்தால் போதும். ஆனால் குற்றம் ‘தொடர்ச்சியானது’ என்று காட்டியாக வேண்டும். மூன்று ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்துக்காக, கடந்த பத்து ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை தாக்கலாகி, அதை நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். உயிர் போயிருந்தால் மரண தண்டனை வரைக்கும் உண்டு. இல்லாவிட்டால் குறைந்தது ஐந்து ஆண்டு, அதிகபட்சம் ஆயுள்.

பம்பாய் என்று சொன்ன நண்பரைக் குறை சொல்ல மாட்டேன். இந்த நிபந்தனையின் பூர்வீகம் கும்பல் குற்றங்களை அடக்க மகாராஷ்டிரா 1999-இல் கொண்டுவந்த மோக்கா சட்டம்தான். கர்நாடகம், குஜராத் எல்லாம் அதைப் பார்த்துத் தங்களுக்கென்று ஒன்று செய்துகொண்டன. நம் மாநிலம் அந்த வழியில் போகவில்லை. 1982-இல் வந்த குண்டர் தடுப்புச் சட்டத்தை வைத்தே காலத்தை ஓட்டியது. குண்டாஸ் போட்டால் ஒரு ஆளை ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். அவனுக்குப் பின்னால் யார், பணம் எந்தக் கைக்குப் போனது என்பதெல்லாம் அந்த உத்தரவின் கவலை இல்லை.

இதற்கு அடுத்த பிரிவையும் படித்திருப்பீர்கள். 112, சிறு அளவிலான ஆர்கனைஸ்ட் கிரைம். கும்பலில் ஒருவனாக இருந்து திருடுவது, செயின் பறிப்பது, பிளாக்கில் டிக்கெட் விற்பது, சூதாட்டம், தேர்வு வினாத்தாள் விற்பது எல்லாம் இதில் அடக்கம். இதற்கு இரண்டு குற்றப்பத்திரிகை கணக்குக் கிடையாது. மூன்று நம்பர் லாட்டரி எழுதித் தருகிற ஆளைப் பிடித்தவுடனேயே இதில் சேர்த்துவிடலாம். பெரிய கும்பலின் தலைவனுக்குத்தான் பத்து வருட ஃபைல் வேண்டும்.

இப்போது பள்ளிபாளையத்துக்கு வருவோம். இது 2025 ஜூலையில் திடீரென்று முளைத்த விஷயமில்லை என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். தறிக்கு வரும்போதே வாங்கிய அட்வான்ஸ், அதை அடைக்க வாரக் கடன், அதை அடைக்கத் தண்டல். பத்தாயிரம் என்று எழுதி, எட்டாயிரத்து ஐநூறை எண்ணிக் கொடுத்து, தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வசூலிக்கிற தண்டல். இந்த மூன்றும் கழுத்தை நெரிக்கிற வாரத்தில் புரோக்கர் வருகிறார். யாருக்கு எவ்வளவு கடன், எந்தக் கிழமை தவணை என்பது அவருக்கு முன்பே தெரியும். அவரும் பெரும்பாலும் அதே வீதிக்காரர். சில சமயம் ஏற்கெனவே கிட்னி கொடுத்தவர்.

அப்புறம் நடப்பது முழுக்கக் காகித வேலை. உறவினர் அல்லாதவர் உறுப்புக் கொடுக்க வேண்டுமென்றால், அன்பினால் கொடுக்கிறேன் என்று சொல்லி அனுமதிக் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கு முகவரிச் சான்று, அடையாள அட்டை, பழக்கத்தைக் காட்டும் ஆதாரம், குழு கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற ஒத்திகை. ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு ஆள், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பங்கு. இதில் யார் கையிலும் கத்தி இல்லை. அறுவைக் கத்தி மட்டும்தான், அதுவும் சட்டப்படி உரிமம் பெற்ற இடத்தில். இரண்டு தனியார் மருத்துவமனைகளின் உரிமத்தில் அரசு கை வைத்தது. ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது.

இதை 111-க்குள் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, காசு கொடுத்தவருக்கு மட்டுமல்ல, காசு வாங்கிக்கொண்டு உறுப்பைக் கொடுத்தவருக்கும் தண்டனை சொல்கிறது. 2011 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, இருபது லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம். வயிற்றில் தையலோடு இருக்கிற தறிக்காரர் ஸ்டேஷன் படியேறிச் சொன்னால் அவரும் குற்றவாளி. பேசிய தொகையில் பாதிதான் கைக்கு வந்தது என்றாலும் வாயைத் திறக்க முடியாது. 22-ஆம் பிரிவு இன்னும் விசேஷம். உரிய அதிகாரி புகார் கொடுத்தால், அல்லது அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஒருவர் புகார் செய்தால்தான் அந்தச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளும். அதனால் மோசடி, போலி ஆவணம் என்று பொதுச் சட்டப் பிரிவுகளைச் சேர்த்துத்தான் போலீஸ் குற்றப்பத்திரிகையை நகர்த்த வேண்டியிருக்கிறது. அப்படி ஒன்றுக்கு இரண்டு சேர்ந்த பிறகுதான் இது சட்டத்தின் கண்ணில் ‘தொடர்ச்சி’ ஆகும். ஊர் அதை எவ்வளவோ காலமாகத் தொடர்ச்சியாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

என் பார்வையில் 111-இன் கோளாறு இதுதான். புகார் வந்து, வழக்காகி, குற்றப்பத்திரிகை ஆனதை வைத்து அது கும்பலை அளக்கிறது. நன்றாக அமைந்த கும்பலோ புகார் வராமல் பார்த்துக்கொள்வதில்தான் முதலில் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது.

உலகத்தில் எல்லாரும் இப்படி அளக்கவில்லை. ஐ.நா.வின் 2000-ஆம் ஆண்டு பலெர்மோ ஒப்பந்தம், மூன்று பேராவது சில காலம் சேர்ந்து இயங்கி, ஆதாயத்துக்காகக் கடுமையான குற்றம் செய்தால் போதும் என்கிறது. பழைய குற்றப்பத்திரிகையை அது எண்ணச் சொல்லவில்லை. இந்தியா 2011-இல் அதை ஏற்று உறுதி செய்திருக்கிறது. எனக்குப் பிடித்தது இத்தாலியத் தண்டனைச் சட்டத்தில் மாஃபியாவுக்கென்றே இருக்கும் 416-பிஸ் என்ற பிரிவு. 1982 ஏப்ரலில் பியோ லா தோரே என்ற நாடாளுமன்ற உறுப்பினர் மாஃபியாவால் கொல்லப்பட்டார். அவர் முன்வைத்த யோசனை அவர் இறந்த பிறகு, செப்டம்பரில், சட்டமானது. அந்தக் கூட்டத்தில் இருப்பதே பிறரை மிரள வைத்து, அதனால் மக்கள் அடங்கிப் போய் வாய் மூடிக் கிடக்கிறார்கள் என்றால், அந்த நிலைமையைப் பயன்படுத்திக் காரியம் சாதிப்பதே குற்றத்தின் அடையாளம் என்றது அது. தொழிலையும் டெண்டரையும் அனுமதிகளையும் கைக்குள் கொண்டுவருவதையும் அதில் சேர்த்தது. நம் சட்டம் ஆதாரம் போதவில்லை என்று எடுத்துக்கொள்கிற மௌனத்தை அந்தச் சட்டம் ஆதாரத்தின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்கிறது.

நம் பக்கத்து மௌனத்தில் பயம் பாதி, மானம் பாதி. கந்துவட்டிக்கு 2003-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. தண்டல், மீட்டர் வட்டி, மணிக்கணக்கு வட்டி எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடை செய்த சட்டம். மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் வட்டிக்காரர் வாசலில் நின்று சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் இங்கே பெரிய ஆயுதம். தொகை எழுதாத புரோநோட்டு, வெற்றுக் காசோலை, கடனுக்கு அடமானமாக எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரம். பிரச்சினை என்று வந்தால் காகிதம் எல்லாம் அவர் பக்கம் பேசும். ஈமு கோழி வளர்ப்பு மோசடியும், பாசி என்ற நிதி நிறுவனத்தின் மோசடியும் வெளியே வந்ததற்குக் காரணம், ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான பேர் ஏமாந்ததால் வெட்கம் பங்கு பிரிந்துபோனது. திருப்பூர் பாசி வழக்கில் 2022-இல் கோவை முதலீட்டாளர் பாதுகாப்பு நீதிமன்றம் இருபத்தேழு ஆண்டு சிறை விதித்தது. தனியாக ஏமாந்தவர் யாரும் அப்படி ஒரு தீர்ப்பைப் பார்க்கப் போவதில்லை.

வீரப்பனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கொங்கில் இந்தப் பேச்சு எடுத்தால் யாராவது அவர் பெயரைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். மரம் வெட்டியவன் பெயர் உலகத்துக்கே தெரியும். அத்தனை சந்தனத்தையும் தந்தத்தையும் வாங்கி விற்றவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டாவது நண்பருக்குக் கொஞ்சம் கடுமையாகவே பதில் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் கொலை. 2025 மே தொடக்கத்தில் சிவகிரி பக்கம் வயதான தம்பதி கொலையாகிக் கிடந்தார்கள். ஊரெல்லாம் வடக்கன் வடக்கன் என்று பேசியது. கைதானவர்கள் சுற்று வட்டாரத்து ஆட்கள். இரண்டையும் அவர்களே செய்ததாகப் போலீஸ் சொல்கிறது. நகையை உருக்கித் தந்ததாக ஒரு நகைத் தொழில்காரரும் சேர்ந்து கைதானார். வழக்கு இன்னும் முடிய வேண்டும், தீர்ப்பை நாம் எழுத வேண்டாம். ஆனால் அந்த நகைத் தொழில்காரர் பேரில் இருக்கும் குற்றச்சாட்டைக் கவனியுங்கள். கொள்ளை அடிப்பவன் யாராகவும் இருக்கலாம், உருக்கித் தர ஒரு ஆள் நிலையாக இருந்தால் அது தொழிலாகிவிடுகிறது.

வெளியூர்க் கும்பல்கள் இல்லை என்று சொல்லவில்லை. நெடுஞ்சாலையோர வீடுகளைக் குறிவைத்து லாரியில் வந்து போன பவாரியா கும்பல், 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனம் கொல்லப்பட்ட பிறகுதான் முழுதாக வெளிச்சத்துக்கு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு தனி வழக்கு, ஒரு தனி ஃபைல். கைரேகைகளை ஒப்பிட்டபோதுதான் அவை ஒன்று சேர்ந்தன. ஆனால் கும்பலைத் தேடுவதற்குப் பதிலாக ஒரு கூட்டத்தையே கும்பல் என்று எழுதிவைத்தால் என்ன ஆகும் என்று நமக்கு அனுபவம் இருக்கிறது. 1871-இன் குற்றப் பழங்குடிச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. பிறந்த குழந்தையே குற்றவாளி. இன்றைய சீர்மரபினர் பட்டியலில் சேலம் உப்புக் குறவர், சேலம் மேல்நாட்டுக் குறவர் என்று இருப்பதைப் பார்க்கலாம். உப்பு மூட்டையைச் சுமந்து ஊர் ஊராய் விற்றவர்கள் ரேகை வைக்க ஸ்டேஷனுக்குப் போன கதையின் மிச்சம் அது. அரசு ஆவணம் என்பதாலேயே அது உண்மையாகிவிடாது.

நீங்கள் புரட்டிய காப்பகப் புத்தகத்தில் ஒன்றும் பிடிபடாததற்கு எளிய காரணம் உண்டு. அது எஃப்.ஐ.ஆர்.களை எண்ணுகிறது. ஒரே எஃப்.ஐ.ஆரில் கடத்தல், மிரட்டல், போலி ஆவணம் மூன்றும் இருந்தால், எது பெரிய குற்றமோ அது மட்டும் கணக்கில் ஏறும். மற்றவை எண்ணிக்கையில் வராது. அப்புறம், எஃப்.ஐ.ஆர். ஆகாத விஷயத்துக்கு அங்கே கட்டமே இல்லை.

சரி, நீங்கள் ஆரம்பிக்கலாமா என்றால், தாராளமாக. எல்லாவற்றையும் தொடாதீர்கள், ஒரே ஒரு தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தறியும் கடனும் தெரியும், அதையே எடுக்கலாம். 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, பாலியல் குற்றம் போன்றவை தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.கள் போலீஸ் இணையதளத்தில் ஏற வேண்டும். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பது இ-கோர்ட்ஸ் தளத்தில் கிடைக்கும். நிலம் கை மாறியதை வில்லங்கச் சான்றில் பார்க்கலாம். பழைய நாளிதழ்களின் மாவட்டப் பக்கம் நூலகத்தில் இருக்கும். தேதி, ஸ்டேஷன், எந்தப் பிரிவு, குற்றப்பத்திரிகை வந்ததா, விடுதலையா தண்டனையா, சாட்சி பிறழ்ந்தாரா என்று வரிசையாக எழுதுங்கள். சாட்சி பிறழ்ந்ததை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரே ஸ்டேஷனில் ஒரே மாதிரி வழக்கில் திரும்பத் திரும்பச் சாட்சிகள் பிறழ்ந்தால், நான் மேலே சொன்ன இத்தாலிக்காரர்கள் அதைத்தான் முதலில் கவனிப்பார்கள்.

வட்டிக்காரரிடமோ புரோக்கரிடமோ நேரில் போய் விசாரிக்க வேண்டாம். அது உங்கள் வேலை இல்லை, வீட்டில் பயப்படுவதிலும் தப்பில்லை. கிட்னி கொடுத்தவர்கள் யாராவது உங்களை நம்பிப் பேசினால், கேட்டுக்கொள்ளுங்கள். எழுத வேண்டாம், ரெக்கார்டிங் அறவே வேண்டாம். 19-ஆம் பிரிவு அவர்கள் தலைக்கு மேலும் இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கட்டணம் இல்லாமல் வக்கீல் கிடைப்பார் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

தேர்வு முடிந்த பிறகே ஆரம்பியுங்கள். ஓரளவு சேர்ந்ததும் எனக்கு அனுப்பலாம், அட்டவணையில் ஆட்கள் பெயர் இருக்கும் கட்டத்தை மட்டும் எடுத்துவிட்டு.

அன்புடன்.